கொண்டை ஊசி

மூக்கையூரில் ஏலம் முடிந்த கையோடு
ராமநாதபுரம் வந்துவிட்டோம்,
செதில் ஒட்டிய காலோடு.
பெரிசும் சிறிசுமாய் ரெண்டு வண்டி, ரெண்டும் வெள்ளை.
இன்னாசி பெரிசில் ஏறியவன்தான்,
ஏசியைத் திருகுகிறான், பாட்டைத் திருகுகிறான்.

பின்தட்டை முழம் போட்டேன்.
ஐஸோடு நாற்பது பெட்டி.
உருகின தண்ணி எந்த வழியா வடியும் தம்பி?
விற்கிற பையன்
தவணைத் தாளைப் புரட்டினான்.

பின்னால் சர்வீஸ் கொட்டகை.
நாலு வருசம் மீன் சுமந்த பெரிசு ஒன்று கிடந்தது.
மல்லாந்து படுத்து
கொண்டை ஊசியால் அடித்தகட்டைக் குத்தினேன்.
புட்டாய் உதிர்ந்தது, கண்ணிலும் கொஞ்சம்.

"அது பழசுக்கா."
உப்பு அதைவிடப் பழசு.

பக்கத்திலேயே ஒரு சிறிசு,
தொண்டிக்காரர் வண்டி, அதே நாத்தம்.
குத்தினேன்.
ஊசி வளைந்தது.

இன்னாசி,
இறங்கு.