மீதி நீலம்

கோரிமேட்டில் ரேஷன் கிடங்கின் பின்சுவர்.
நாற்பத்திரண்டு அடி நீளம், ஒன்பது அடி உயரம்.
அளந்தது நான். டேப்பின் மறுநுனியைப் பிடித்தது
யாரோ ஒரு பள்ளிக்கூடப் பையன், பெயர் கேட்கவில்லை.
நான் ஓவியன் இல்லை. கணக்கு எழுதுகிறவன்.
டின், தூரிகை, தேநீர், சாரம் கட்டிய கூலி
எல்லாவற்றுக்கும் என்னிடம் ரசீது உண்டு.

சென்னையிலிருந்து வந்த பயிற்சியாளர்
குச்சி மனிதர்கள் கைகோத்து ஆடும் பக்கத்தை விரித்து
உங்க மலை ஓவியம் இப்படித்தானே என்றார்.
கொளகூர் வெள்ளச்சி கிட்டப்போய்ப் பார்த்தாள்.
"இவங்க யாருங்க?
எங்கூட்டுச் செவுத்துல காலண்டருதான் தொங்குது."
அப்புறம் சாக்கட்டியை வாங்கி
ஒரு மினிபஸ் வரைந்தாள்.
சக்கரம் சதுரமாக வந்துவிட்டது.
"வராத பஸ்ஸுக்குச் சக்கரம் எப்படி இருந்தா என்ன,
வந்தாப் பாத்துக்கலாம்."

விண்ணப்பத்தில் ஒரு கட்டம்: ஊருக்கு வந்த தேதி.
சுக்லால் முர்மு யோசிக்காமல் சொன்னான்.
கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா நாள்.
ரயிலை விட்டு இறங்கி டவுனுக்கு வந்தால்
ஊரே தெருவில் நிற்கிறதாம். ஒரு நிமிஷம்
தன்னைப் பார்க்கத்தானோ என்று நினைத்தானாம்.

பவளத்தானூர் முகாமின் தர்சிகா
பிறந்த தேதியை எழுதியிருந்தாள்.
அடித்துவிட்டு மறுபடி கேட்டேன்.
"சரியாத்தாண்ணா எழுதியிருக்கேன்,
அன்னிக்குத்தான் வந்தேன்.
பெரியாஸ்பத்திரி, பிரசவ வார்டு."
அதற்குமேல் அந்தக் கட்டத்தை நான் நிரப்பவில்லை.
வெள்ளச்சியிடம் கேட்க நாக்கு எழவில்லை.

எங்க ஊர்ல சுவர் பொம்பளைங்க வேலை, என்று
சுக்லால் மூன்று நாள் சும்மா நின்றான்.
நாலாம் நாள் சாப்பாட்டு நேரத்தில்
செல்போனைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் பிடித்தான்.
தும்காவிலிருந்து பூல்மணி பார்த்தாள்.
அவள் சொன்னதில் ஒரு சொல்லும் எங்களுக்குப் புரியவில்லை.
இவன் அழித்தான். இடப்பக்கம் நகர்ந்தான்.
மறுபடி திட்டு வாங்கினான்.
கடைசியில் ஈரப் பூச்சில் நாலு விரலை ஊன்றி
ஒரே இழுப்பு.
பயிற்சியாளர் தன் புத்தகத்தை மூடிவைத்தார்.
பூல்மணிக்குக் கூலி போட விதியில் இடமில்லை.
தேநீர்க் கணக்கில் ஒன்று கூட்டி எழுதினேன்.

ராக்கம்மாள், மாநகராட்சித் துப்புரவு.
செவ்வாய்ப்பேட்டையைப் பெருக்கி முடித்துவிட்டு வருவாள்.
அவளைத் துடைப்பத்தோடு,
தலைக்குப் பின்னால் சூரியனோடு போடலாம் என்றார்கள்.
"சூரியன் கெடக்கட்டும்.
நான் உக்காந்திருக்கிற மாதிரி போடு.
நாற்காலி, கை வெச்சதா இருக்கணும்."
தர்சிகா வரைந்தாள்.
புடவை நீலம் போதவில்லை, போதவில்லை என்று
மூன்று தடவை ஏற்றச் சொன்னாள் ராக்கம்மாள்.
நாலாவது டின் வாங்கியது அதனால்தான்.

திறப்புக்கு முந்தின ராத்திரி
யாரோ சாணி அடித்திருந்தார்கள்.
நாற்பத்திரண்டு அடியில்
நாற்காலியின் மேல் மட்டும்.

காலையில் ராக்கம்மாள் பார்த்தாள்.
ஒன்றும் சொல்லாமல் வாளியை எடுக்கப் போனாள்.
வெள்ளச்சி பிடுங்கிக்கொண்டாள்.
"நீ உக்காரு."
காவலாளியின் பிளாஸ்டிக் நாற்காலியைச்
சுக்லால் தூக்கிவந்து போட்டான். கை வைத்தது.
உட்கார்ந்தாள்.
நாங்கள் கழுவக் கழுவ,
அங்க இன்னும் போகலை, இங்க தண்ணி பத்தலை என்று
விரல் நீட்டிக்கொண்டே இருந்தாள்.
நானும் சட்டையைக் கழற்றிவிட்டுத் தேய்த்தேன்.
அந்த ஒன்றரை மணி நேரம்
எந்தத் தலைப்பிலும் பதிவாகவில்லை.

இப்போது தணிக்கைக்காரர் கேட்கிறார்:
நீலம் நாலு லிட்டர் வாங்கியிருக்கிறது,
சுவர் குடித்தது மூன்று, மீதி எங்கே?

கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன், பாருங்கள் ஐயா.
ஏற்காடு பஸ். லக்கேஜ் டிக்கெட். பத்து ரூபாய்.
இருபது கொண்டை ஊசி வளைவுக்கும்
மடியை விட்டு இறக்கவில்லையாம்.
மேலே எதற்குப் பூசினாள் என்று தெரியாது.
கேட்டிருக்கலாம்.
கேட்கவில்லை.