நெட்டை, நெட்டை, குட்டை

வெயிலில் பசை இளகி
மீட்டர் கண்ணாடியிலிருந்து கழன்று விழுந்தது
நகமளவு கறுப்பு டேப்.
அதற்கடியில்
எத்தனை வருடமாகவோ
மஞ்சளாய் எரிந்துகொண்டிருந்தது எஞ்சின் விளக்கு.

கிராணி ஏகாம்பரம் ஐயாயிரம் வெள்ளிக்கு விற்றபோது
எந்தக் கோயிலில் பூசை போட்டார் என்று சொன்னார்,
ஸ்டோரில் சும்மாவே நின்ற வண்டி என்று சொன்னார்.
டேப்பைச் சொல்லவில்லை.

தொண்ணூற்றேழாம் வருடத்து வீரா.
விடியற்காலை ஐந்துக்கு
கையுறைத் தொழிற்சாலைக்கு நாங்கள் நாலு பேர்.
செம்பனைக் காட்டுப் பனியில் சாவியைத் திருப்பினால்
இருமும். இன்னொரு தரம். இருமும்.
பின்சீட்டில் ரோஸ்னா ஓத ஆரம்பித்துவிடுவாள்.
மத்தியானத்தில் மட்டும்
ஒன்றுமே நடக்காதது போல் பற்றிக்கொள்ளும்.

பேட்டரி என்றான் தம்பி. மாற்றினேன்.
பிளக் என்றார் பக்கத்து வீட்டுச் சிங்காரம். மாற்றினேன்.
செய்வினை என்றாள் மங்களேஸ்வரி.
அதை மாற்ற என்னிடம் பணமில்லை.

சனிக்கிழமை
ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை விட்டு
முதல் துளையையும் நான்காவதையும்
ஹேர்பின்னால் இணைத்தேன்.
விளக்கு சிமிட்டியது.
நெட்டை. நெட்டை. குட்டை.
கொஞ்சம் மூச்சு வாங்கி, மறுபடி
நெட்டை, நெட்டை, குட்டை.
கரண்டு பில்லின் முதுகில் எழுதினேன்: இருபத்தொன்று.
தண்ணீரின் சூட்டைப் பார்க்கும் சென்சார்.

பாகாவ் பசாரில் முப்பத்தெட்டு வெள்ளி.
"ஒரிஜினல் இல்லை, ஒரிஜினலுக்குத் தம்பி"
என்று தவுக்கே கையில் வைத்தார், கட்டைவிரல் அளவு பித்தளை.
மாட்டினேன்.
நெட்டை, நெட்டை, குட்டை.

கோபத்தில் பழையதை
டீ கிளாசில் போட்டு வெந்நீர் ஊற்றினேன்,
வயர் இரண்டைக் கவ்வ வைத்து மல்டிமீட்டரைப் பார்த்தேன்.
ஆயிரத்து எழுநூறு, தொள்ளாயிரம், ஐந்நூறு,
முந்நூறுக்கும் கீழே.
பாவம், அது சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.
சொன்னது போய்ச் சேரவில்லை.
பதில் வராவிட்டால் கம்ப்யூட்டர்
தானே ஓர் எண்ணைப் போட்டுக்கொள்ளுமாம்: எண்பது.
எண்பது டிகிரி எஞ்சினுக்கு எதற்கு அதிகப் பெட்ரோல் என்று
குளிரில் நடுங்குவதைப் பட்டினி போட்டிருக்கிறது.

வயரைத் தடவிக்கொண்டே போனேன்.
பேட்டரித் தட்டுக்கு அடியில் எலிக்கூடு.
செம்பு தெரியக் கடித்த வயர்,
பனைநார், காய்ந்த கொட்டை ஒன்று,
மெத்தைக்கு, கிழித்த காகிதம்.
கோடு போட்ட காகிதம்.
செக்ரோல்.

ஏகாம்பரத்தின் சாய்ந்த கையெழுத்து.
பெயரை எலி தின்றிருந்தது, '-த்தாயி' மட்டும் மிச்சம்.
பக்கத்தில் நம்பர் 117.
மாதம் முழுக்க
அரை, அரை, அரை, ஒரு முழு, அரை.

வயரை முறுக்கிச் சேர்த்தேன்.
அந்த டேப்பையே சுற்றலாம் என்று பார்த்தால் ஒட்டவில்லை,
புதுச்சுருள் இரண்டு வெள்ளி.
பேட்டரியைக் கழற்றி மாட்டினேன், விளக்கு அணைந்தது.

திங்கட்கிழமை ஐந்து மணி.
முதல் திருப்பிலேயே பிடித்தது. ரோஸ்னா கைதட்டினாள்.
நான் காகிதத்தை மங்களேஸ்வரியிடம் கொடுத்தேன்,
சும்மா, எலி செய்த வேலையைப் பார் என்று.

கூரை விளக்கைப் போட்டாள்.
கோலா பிலா தாண்டும்வரை அணைக்கவில்லை.
பிறகு சொன்னாள்:
"நூற்றுப் பதினேழு, எங்க அம்மா நம்பர்.
ஒருநாள்கூட வீட்டில் உட்காரவில்லை.
காய்ச்சலிலும் போனாள்.
சம்பளத்தன்று வந்து
எனக்குத்தான் எண்ணத் தெரியவில்லை என்பாள்."

லாரி ஒன்று எங்களைக் கடந்து போனது.
நான் கியரை மாற்றினேன், தேவையில்லாமல்.

"ஏகாம்பரம் இன்னும் அதே வீட்டில்தானே?"
ஆமாம்.
"ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குக் கிளம்புமுன் பிடிக்க வேண்டும்.
விடியற்காலையில் வண்டி எடுக்குமா?"

எடுக்கும் என்றேன்.