பத்தொன்பதாம் பல்

ஸ்பின்டில் சக்கரத்துக்கு அறுபது பல்.
மூன்று புரி என்றால் இருபது இருபதாகத் தள்ள வேண்டும்.
பகல் முழுக்க ப்ர்னோ நகராட்சியில்
தண்ணீர்க் கட்டணம் கணக்கிடுகிறவள் நான்.
எனக்கா எண்ணத் தெரியாது?

புதன்கிழமை க்வேதோஸ்லாவா
லிஃப்ட் ஓடாத கட்டிடத்தில் ஐந்து மாடி இறங்கி
உருளைக்கிழங்குப் பையில் அந்த அழுத்துப்பொறியைக் கொண்டுவந்தாள்.
நாடக அரங்கின் தையலறை அவளுடையது.
பிடியை அரைச்சுற்று வீசினால்
ஒன்பது மில்லிமீட்டர் இறங்கி
தகரக் கிண்ணியின்மேல் பட்டை மடித்து அமுக்கும்:
ஒரு பொத்தான்.
இப்போது மரை தேய்ந்து வழுக்குகிறது.
"வெள்ளிக்கிழமை முதல் காட்சி, யித்கா.
இருநூற்றுப் பன்னிரண்டு பாக்கி."

நிலவறையில், வெந்நீர்க் குழாய்களுக்குக் கீழே, என் லேத்.
மோட்டாரைப் போடவில்லை.
ஒரு சுற்றுக்குப் பதினெட்டு மில்லிமீட்டர் பாயும் வண்டியை
மோட்டாரிடம் கொடுத்தால்
அது சக்கின் வாய்க்குள் போய்த்தான் நிற்கும்.
ஸ்பின்டிலின் வாலில் கைப்பிடி மாட்டி
காப்பிக்கொட்டை அரைப்பதுபோல் சுற்றினேன்.
கத்தியைப் பதினெட்டுப் பாகை சாய்த்துத் தீட்டியிருந்தேன்;
இத்தனை செங்குத்தாய் ஏறும் புரியில்
நிமிர்ந்த கத்திக்கு விலா உரசும்.

முப்பது தடவை, தடவைக்கு ஒரு முடியளவு.
முதல் பள்ளம் முடிந்தபோது
தண்டு பெரும்பாலும் வெறுமையாக இருந்தது,
யாரோ ரிப்பனைச் சுற்ற ஆரம்பித்துவிட்டு
எழுந்து போனது மாதிரி.

பல்லைக் கழற்று. நகப்பூச்சால் குறியிடு. எண்ணு. மாட்டு.
இரண்டாவது.
மூன்றாவதற்கு முதல் குறியிலிருந்து எதிர்ப்பக்கம் எண்ணினேன்.

விளக்கைத் தாழ்த்திப் பார்த்தால்
ஒரு வரப்பு மெலிந்து, அடுத்தது தடித்து.
வெர்னியர் வைத்தேன்:
இரண்டு புள்ளி ஏழு. மூன்று புள்ளி மூன்று. மூன்று.
ஒரு பல்லின் பிசகு.
குறியிட்ட பல்லையே "ஒன்று" என்று
தொடங்கியிருக்கிறேன்.

மணி இரண்டு.
இன்னொரு எஃகுத் துண்டு சனிக்கிழமை வரை கிடைக்காது.
தண்ணீர் ரசீதின் பின்பக்கம் படம் போட்டேன்,
அம்புக்குறிகள், அழித்தல், மறுபடி அம்புக்குறிகள்.
நட்டின் பள்ளங்களை அரை மில்லிமீட்டர் அகட்டினால்
இந்தத் தண்டு ஏறும்.
கீழே அமுக்கும்போது
இரண்டு புரிகள் மட்டும் சுமக்கும்;
பிசகியது சும்மா கூடவே வரும்.
மேலே திரும்பும்போது
அது ஒன்றே எல்லாவற்றையும் தூக்கும்.
மறுபக்கம் பிசகியிருந்தால்
அமுக்குகிற பாரம் முழுக்க அதன் தலையில் விழுந்திருக்கும்.
இது திறமை இல்லை.
பத்தில் மூன்று மில்லிமீட்டர் அதிர்ஷ்டம்.

வியாழன் இரவு வெண்கல நட்டுக்கு
க்வேதோஸ்லாவாவை அழைத்தேன்.
பொத்தான் எண்ணியே நாற்பது வயதானவள்.
குறி தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தாள்:
ஒன்று.
சத்தமாக, அரங்கின் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி.
இருபதில் நிறுத்தினாள்.
மறுபடி ஒன்றிலிருந்து.

தண்டு நட்டில் மூன்று வாசல்களிலும் நுழைந்து பார்த்தது.
மூன்றிலும் கொஞ்சம் ஆடியது.
பிடியை வீசினாள்; பச்சைப் பட்டுப் பொத்தான் விழுந்தது.
அவள் அதை உற்றுப் பார்த்தாள், தண்டைப் பார்க்கவில்லை.
நான் பிசகைச் சொன்னேன்.
"எந்தப் பொத்தானில் தெரியும்?" என்றாள்.
எதிலும் தெரியாது.
"அப்புறம் ஏன் என்னிடம் சொல்கிறாய்?"
அடுத்த கிண்ணியை வைத்தாள்.

காட்சிக்கு இலவசச் சீட்டு, தூணுக்குப் பின்னால்.
கதை எனக்குப் பாதிதான் புரிந்தது.
கதாநாயகன் கோபத்தில் கோட்டைப் பிய்த்தெறிந்தபோது
ஒரு பொத்தானும் தெறிக்கவில்லை என்பதைக் கவனித்தேன்.

ஞாயிறு காலை படிக்கட்டில் மூன்றாம் மாடி ராதொவான்,
கண் சிவந்து, இன்னும் கோபமாக:
"வியாழக்கிழமை குழாய் வழியாக ஒரு பெண் குரல்
இருபது வரை எண்ணியது.
இருபத்தொன்றுக்காக
விடியும்வரை விழித்திருந்தேன்."