உடைந்த பொருள்: ஒன்று

எட்டுத் தண்டவாளம் தாண்டினால் சுருட்டு ஆலை.
இந்தப் பக்கம் வீடுகள்.
கேட்டருகே நான்,
ஒரு கொடி, ஒரு லாந்தர்,
நின்றபடி தூங்கும் அளவுக்கு ஒரு கூண்டு.
இடக்கையில் இரண்டு விரல் இல்லை.
யார்டுக்குள் பெட்டி கோக்கும்போது போனவை.
அதற்கு ஈடாகக் கம்பெனி கொடுத்த வேலை இது.

டொலிடோ. பிப்ரவரி.
ஈரி ஏரிக் காற்று கதவைத் தட்டுவதில்லை,
வந்து அடுப்பருகே உட்கார்ந்துகொள்கிறது.

இருபத்திரண்டு சுற்று சுற்றினால் கம்பம் இறங்கும்.
பால் வண்டி நிற்கும். சவ வண்டி நிற்கும்.
ஒருமுறை கல்யாணப் பெண் நின்றாள்,
முகத்திரையில் கரி படியப் படிய.

எஞ்சினுக்குப் பயமில்லை,
அது ஊரைக் கூட்டிக்கொண்டு வரும்.
பயமெல்லாம் எஞ்சின் இல்லாமல் வரும் பெட்டிகள்.
மேட்டிலிருந்து ஒரு தள்ளு தள்ளி விட்டுவிடுவார்கள்.
பூனை மாதிரி வரும்.
பனி விழுந்தால்
பூனைக்குக் காலுறையும் போட்ட மாதிரி.

ஏழு மணிச் சங்குக்குள் ஆலைக்குள் போகாவிட்டால்
புரோன்யாவுக்குக் கால் நாள் கூலி வெட்டு.
ஆறு ஐம்பத்தைந்துக்குத்தான்
பன்றி ஏற்றிய அறுபது பெட்டி ஊர்ந்து போகும்.
கம்பத்தில் சாய்ந்துகொண்டு
போலிஷில் என்னைத் திட்டுவாள்.
ஹங்கேரியனில் நான் பதில் சொல்வேன்.
அவள் பாஷையில் எனக்குப் பதினைந்து சொல் தெரியும்,
எல்லாம் அவள் கற்றுத் தந்தவை,
ஒன்றையும் பாதிரியார் முன் சொல்ல முடியாது.

அன்று பன்றி வண்டியின்
வால்விளக்கு நகர்ந்ததுமே
கம்பத்துக்கு அடியில் குனிந்துவிட்டாள்.
எல்லாரும் செய்வதுதான்.
நாலாம் பாதையில்
பனி மட்டும் நகர்கிற மாதிரி இருந்தது.
கத்தினேன், எந்தப் பாஷையில் என்று தெரியாது.
லாந்தரை எறிந்துவிட்டு ஓடினேன்.
மூன்று விரல் கையில்
சால்வைக் குஞ்சம் சிக்கியது.

சுண்ணாம்பு. நாலு பெட்டி.
கடைசிப் பெட்டியின் பிரேக் சக்கரத்தைப் பிடித்தபடி ஒரு பையன்.
அவன் எங்களைப் பார்க்கவே இல்லை.

அவளுடைய சாப்பாட்டு வாளி உருண்டு கிடந்தது.
வெந்த உருளைக்கிழங்குகள் பனியில்
ஆவி விட்டுக்கொண்டிருந்தன.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
என் விரல்களைப் பிரித்துச் சால்வையை எடுத்துக்கொண்டு
இரண்டு பக்கமும் பார்த்து,
மறுபடியும் பார்த்து,
ஓடினாள். சங்கு எப்போதோ ஊதியிருந்தது.

மாலையில் அறிக்கைத் தாள்.
கேட் இறக்கியது: நூற்றுப் பதினேழு தடவை.
மோதல்: இல்லை.
காயம்: இல்லை.
நடக்காததை எழுத அதில் கட்டம் கிடையாது.
‘உடைந்த பொருள்’ என்ற இடத்தில்
லாந்தர் கண்ணாடி ஒன்று என்று எழுதினேன்.
மெக்கார்டில் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் படித்தான்.
முப்பத்தைந்து சென்ட், சம்பளத்தில் பிடித்தம்.
‘கொஞ்சம் கவனமாக இரு, கால்மான்.’
சரி என்றேன்.

மறுநாள் ஆறு ஐம்பத்தைந்து.
பன்றிகள் ஊர்ந்தன.
கம்பத்துக்கு ஓரடி தள்ளி நின்றுகொண்டு
புரோன்யா
பதினாறாவது சொல்லைக் கற்றுத் தந்தாள்.