கடைமடைக் கணக்கு

என் பையில் இரண்டு நோட்டு.
ஒன்றில் புதன்கிழமை வேதபாடத்துக்கு வந்தவர் பெயர்,
மற்றதில் நடவுக்கு வந்தவர் பெயர்.
பெயர்கள் ஏறக்குறைய அதேதான்.
பேனாவும் ஒன்றுதான்.

அன்றைக்குக் கரண்ட் இல்லை.
பொறையாறு தாண்டி, உப்பங்காற்று தொடங்கும் எங்கள் ஊரில்
அருளம்மாள் வீட்டுக் கூடத்தில்
ஒரு கைப்பேசி வெளிச்சம், பத்துப் பன்னிரண்டு பேர்,
சேற்றுப்புண்ணுக்குத் தடவிய வேப்பெண்ணெய் வாசம்.
சேகரத்திலிருந்து வந்த தாளில்
அந்த வாரப் பகுதி:
விடியலில் வந்தவனுக்கும்
பொழுது சாய வந்தவனுக்கும்
ஒரே கூலி கொடுத்த தோட்டக்காரன்.

உபதேசியார் தைரியநாதன் தொண்டையைச் செருமி
"இது பரலோகத்தைப் பற்றிய உவமை" என்றார்.
"பரலோகம் இருக்கட்டும் ஐயா,
அந்த ஆளுக்கு எத்தனை மா நிலம்?" என்றாள் மரகதம்.
"மறுநாள் எவன் வருவான் விடியக்காலையில?
எல்லாரும் வெத்தலை மென்னுக்கிட்டு
நாலு மணிக்குத்தான் வருவான்."
சிரிப்பு அடங்கியதும் நான்தான் அதிகம் பேசினேன்.
முதுகில் வாங்கிய வெயிலுக்கு ஒரு விலை உண்டு என்றேன்.
நடவுக்கு ஆள் சேர்ப்பவள்,
எனக்குத் தெரியாதா.

லஸ்கர் ஞானாபரணம் நிலைப்படியில் சாய்ந்திருந்தார்,
மதகுச் சாவி இடுப்பில்.
மற்ற புதன்களில் தூங்கிவிடுவார்.
"அஞ்சு மணிக்காரன் அதுவரைக்கும் எங்க இருந்தான்?"

தாளைத் திருப்பிப் பார்த்தோம்.
சந்தையில். நின்றுகொண்டு.
ஒருவரும் கூப்பிடவில்லை.

"மேட்டூர்ல தொறந்த தண்ணி
தலைமடைக்காரன் நாத்து விட்ட பொறவுதான்
நம்ம வாய்க்கால் மண்ணை நனைக்குது.
அதுவரைக்கும் நம்ம வயல் சோம்பேறியாவா கெடந்துது?
வெடிச்சு, வாயைத் தொறந்துக்கிட்டு நின்னுது.
கடைசி வயலுக்குத் தாகம் பாதின்னு
எந்த இஞ்சினியரும் எனக்கு எழுதிக் குடுக்கலியே."

கொசு அடிக்கும் சத்தம் மட்டும்.
உபதேசியார் தாளை மடித்து, மறுபடி விரித்தார்.

சுவரோரம் ரெபேக்காள்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.

போன செவ்வாய் பத்தரைக்கு வந்தாள்.
பையனுக்கு வலிப்பு; ஆஸ்பத்திரியில்
டாக்டர் வரும்வரை திண்டாட்டம்.
அவள் பெயருக்கு நேரே 'அரை' என்று எழுதினேன்.
நானூறில் இருநூறு.
மிச்சத்தை எட்டுப் பேர் பங்கிட்டோம்,
ஆளுக்கு இருபத்தைந்து.
என் பங்குக்கு நெத்திலிக் கருவாடு வாங்கினேன்,
நன்றாகத்தான் இருந்தது.

முடிவு ஜெபம் அவள் முறை.
அணையின் நீர்மட்டத்துக்காக வேண்டினாள்.
ஆயர் அம்மாவின் கண் ஆபரேஷனுக்காக.
பிறகு என் முழங்காலுக்காக,
பெயர் சொல்லி, இடதுகால் என்றும் சொல்லி.
ஆமென் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை,
இருமுவதுபோல் சமாளித்தேன்.

விடிந்ததும் இருநூறை எடுத்துக்கொண்டு போனேன்.
மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.
கையைப் பாவாடையில் துடைத்து, வாங்கி, எண்ணினாள்.
"இது யார் காசு?"
"என் காசுதான்."
"உன் பங்கு இருபத்தஞ்சுதானே?"
உள்ளே போய்ச் சில்லறை தேடினாள்.
வெகுநேரம் தேடினாள்.
நூற்றெழுபத்தைந்தை என் கையில் திணித்தாள்,
மீன்செதில் ஒட்டிய நோட்டுகள்.
"மத்ததை மத்தவங்க குடுக்கட்டும், அக்கா.
நீயே எல்லாத்தையும் குடுத்துட்டா
அவுங்க எப்படிப் படிப்பாங்க?"

அவள் வீட்டுக்குப் பின்னால் வாய்க்காலில்
நுரையும் சருகுமாகப் புதுத்தண்ணீரின் நுனி
ஒவ்வொரு வெடிப்பிலும் நின்று,
நிரப்பி, பிறகுதான் நகர்ந்தது.

இன்னும் ஏழு வீடு.
மரகதம் வீட்டிலிருந்து தொடங்கினேன்.
கதவைத் திறந்தவள் என் கையில் நோட்டைப் பார்த்து,
"இன்னிக்கு எந்த நோட்டு?" என்றாள்.