தட்டிப் பார்த்தல்

கிருணாவில் பின்னேரம் நாலு மணி,
ஆனாலும் கும்மிருட்டு என்கிறான் சவரிநாயகம்.
நாவலப்பிட்டியில் எட்டரை. மழை.
ஷெட் தகரத்தில் அது விழுவது
ஸ்வீடன் வரைக்கும் கேட்கிறதாம்.

"இன்னைக்கும் விடல."
மூன்றாவது தடவை.
ஒரு வால்வு,
உறைந்ததா, உறைந்ததாகக் காட்டியதா தெரியவில்லை,
கழற்றிப் பார்க்க
ஐந்து நாட்டுக் கையெழுத்து வேண்டும்.

சிரித்துவிட்டேன்.
ஒரு பிரேக் கட்டைக்கு நான் எழுதிய கடிதம்
இரத்மலானைக்குப் போய்
ஆவணி முழுக்க அங்கேயே படுத்திருந்தது.

அவர்கள் ராக்கெட்டுக்குப் பெயர் இல்லை, எண்தான்.
நூறு மீட்டர் எழும்ப வேண்டும்.
கொஞ்சம் நிற்க வேண்டும்.
எழும்பிய இடத்திலேயே
நாலு காலையும் ஊன்ற வேண்டும்.
இதற்கு எட்டு வருடம்.

"அமெரிக்காக்காரன் வாரத்துக்கு ரெண்டு எறக்குறான்.
நாங்க ஒரு துள்ளலுக்குத் தவம் கெடக்குறோம்.
முந்தி இங்க சொல்வாங்களாம்,
வருஷத்துக்குப் பத்துத் தடவ போகாத வண்டி
திரும்பி வந்து என்ன செய்யப் போவுதுன்னு.
கடல்ல விழட்டும், புதுசு செஞ்சா
நாலு பேருக்கு வேலையாவது இருக்கும்னு."
கணக்கு சரிதானே என்றேன்.
"சரிதான். அதான் பிரச்சின."

தள்ளு எஞ்சினைப் பற்றி
அவனுக்கு நான் சொல்லத் தேவையில்லை.
ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம்,
அவன் கிரீஸ், நான் பிரேக்.
எண்ணெய்க் கோச்சி மலையேற மாட்டாமல் மூச்சுத் திணறும்போது
பின்னால் போய் நெற்றியைக் கொடுத்து
இங்குரு ஓயா, கல்பொட, வட்டவளை என்று முட்டி முட்டி ஏற்றி,
அட்டனில் கொக்கியைக் கழற்றிக்கொண்டு
தனியாகத் திரும்பும்.
அதற்கு யாரும் கையசைப்பதில்லை.
பாரமில்லை, முன்னால் சரிவு,
ஈரத் தண்டவாளத்தில் நசுங்கிய இலைகள்.
ஏறும்போது அது எஞ்சின் டிரைவரின் பாடு.
இறங்கும்போதுதான்
என் கட்டைகள் கரைகின்றன.

"திரும்பி வர்றதுக்குன்னு ஒதுக்குற
ஒவ்வொரு கிலோ மீதேனும்
மேல போகாத ஒரு கிலோ."
மணல் பெட்டி நிரப்பும்போது
போர்மன் லயனலும் இதையேதான் சொல்வார்,
சிங்களத்தில், கெட்ட வார்த்தை சேர்த்து.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை
சவரிநாயகமும் இறங்குகிறான்.
முதல் தடவை
மாசிச் சம்பலுக்குக் கண்ணில் தண்ணீர்.
அடுத்த தடவை
இடது கடைவாய்ப் பல் இல்லை.
போன டிசம்பரில்
ஸ்டேஷன் படிகளில் பாதி ஏறி நின்று
போனைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.
போன் அணைந்திருந்தது.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
மூன்றே கிழமையில்
மறுபடி அனுப்பிவைத்தோம்.

"எறங்குறத விடு, யோகம்.
எறங்கினத திரும்ப ஏத்தலாமான்னு எப்பிடித் தெரியும்?
அறுத்துப் பாக்க முடியாது.
இங்க எக்ஸ்ரே எடுக்குறாங்க,
ஒரு கூடாரம் நெறைய ஆளுங்க.
நீ என்ன செய்வ?"

சுத்தியல், என்றேன்.
ஒவ்வொரு சக்கரமாகத் தட்டுவேன்.
நல்லது கோயில் மணிபோல இழுத்துக்கொண்டே போகும்.
வெடிப்பிருந்தால்
மண்சட்டியைத் தட்டினமாதிரி
அந்த இடத்திலேயே செத்துவிடும்.
இருபத்தொரு வருடத்தில்
இரண்டு சக்கரம் செத்தது.
ஒன்றை நான் பிடித்தேன்.

கொஞ்ச நேரம் அவன் பேசவில்லை.
கையுறை கழற்றும் சரசரப்பு.
பனி மிதிபடும் சத்தம்,
பதினாறு அடி எண்ணினேன்.
பிறகு
நாலில் எந்தக் காலோ,
அதில் ஸ்பானரால் ஒரு தட்டு.

"கேட்டிச்சா?"

மழை கூடியிருந்தது.
எஞ்சினுக்கு அடியில் குழிக்குள் இறங்கி,
அங்கேதான் இரைச்சல் குறைவு,
போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

இன்னொரு தடவை, என்றேன்.
மற்றக் கையை அதிலிருந்து எடுத்துவிட்டுத் தட்டு.