படகெலும்பு

எக்ஸ்ரேயில் இந்தக் காலில் பாதி இல்லை.
ஏழு வாரக் குழந்தைக்கு எலும்பென்பது
கறுப்பில் மிதக்கும் இரண்டு மொச்சைக்கொட்டை.
மிச்சமெல்லாம் குருத்து.
நிழல் விழாத வயது.

அதனால்தான் என்னிடம் அனுப்புகிறார்கள்,
ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில்
ஏசி ஒழுகும் இந்த ஸ்கேன் அறைக்கு.

தங்கச்சிமடத்திலிருந்து முதல் பஸ்.
ராத்திரியே வெந்நீரில் ஊறவைத்து
ஐந்தாவது மாவுக்கட்டைப் பிரித்திருக்கிறாள் ஜெனிட்டா.
தொடை மடிப்பில் இன்னும் வெள்ளைத் துகள்.
"நேராயிருச்சுல்ல மேடம்?"
பையைத் திறந்து காட்டினாள்,
பஞ்சில் சுற்றிய ஒரு ஜோடி கொலுசு.
ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம்.

கண்ணுக்கு நேராகத்தான் இருந்தது.
பிறந்த அன்று உள்ளங்கால் மற்றக் காலைப் பார்த்திருந்ததாம்,
ரகசியம் கேட்பதுபோல.

ஜெல் பாட்டிலைச் சுடுதண்ணி டம்ளரில் நிறுத்திவிட்டு
உள்கணுவில் கருவியை வைத்தேன்.
சாம்பல். அதன்மேல் சாம்பல்.
கணுமுனை ஒரு கரைபோல வந்து நின்றது.
அதற்கப்பால், எலும்பாக
இன்னும் மூன்று வருஷம் பிடிக்கப்போகிற ஒன்று.
பெயர் மட்டும் முன்கூட்டியே வந்துவிட்டது:
படகெலும்பு.

பெயரைக் கேட்டதும்
ஸ்டூலை இழுத்துக்கொண்டு கிட்டே வந்தான் ரீகன்.
"எங்க போட்டு எக்கோ மாதிரியே இருக்கே.
இந்தா இது சேறு. இது பார்."
திரையில் அவன் விரல், உப்பு வெடித்த நகம்.
"இதுவா படகு?
வத்தை கவுந்து கெடக்குற மாதிரியில்ல இருக்கு."

சிரித்துக்கொண்டே அளந்தேன்.
இரண்டு கூட்டல் குறி, நடுவே புள்ளிக்கோடு.
நான்கு புள்ளி ஒன்பது மில்லிமீட்டர்.
குழந்தை உதைத்தது; படம் கலைந்தது.
மறுபடி. நான்கு புள்ளி எட்டு.
மறுபடி.
நல்ல காலில் எட்டு புள்ளி இரண்டு.

தோல் திரும்பியிருக்கிறது.
உள்ளே படகு
கரையை உரசிக்கொண்டே கிடக்கிறது.

சொல்ல வேண்டியவர் மாடியில் இருக்கும் எலும்பு டாக்டர்.
நான் படம் பார்ப்பவள்.
முகத்தை ஒன்றுமில்லாமல் வைத்துக்கொள்வதும்
இந்த வேலையில் சேர்ந்ததுதான்,
பத்து வருஷமாகப் பழகியிருக்கிறேன்.

"ரெண்டு காலுக்கும் ஒரே கணக்கு வரலியே, மேடம்."
ரீகன் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.
எண்களைப் பார்த்துச் சொன்னான்,
ஆழம் குறைந்தால் இன்ஜினை மெதுவாக்கும் குரலில்.
ஜெனிட்டா திரையைப் பார்க்கவில்லை, அவனைப் பார்த்தாள்.

இன்னும் ஒரு கட்டு, ஒருவேளை இரண்டு,
பிறகு குதிகால் நரம்பில் சின்னதாக ஒரு வெட்டு இருக்கலாம் என்றேன்.
சொல்லியிருக்கக் கூடாது.
அவள் தலையாட்டினாள்.
"வெள்ளக் கட்டுதானே, வெள்ளக் கவுனுக்குப் பொருந்தும்."
இதற்கு நான் என்ன முகம் வைப்பது?

ரிப்போர்ட்டில் இரண்டு வரி தட்டினேன்.
கவிழ்ந்த வத்தையைப் பற்றி எழுத அதில் கட்டமில்லை.

ஜெல்லைத் துடைத்துக் கொடுத்தேன்.
கொலுசில் ஒன்றை எடுத்து
நல்ல காலில் மட்டும் மாட்டிவிட்டாள்.
மாடிப்படி முடியும்வரை கேட்டது
ஒரு பக்கமாகவே.